பஞ்சாயத்தில் பாதி, சட்டசபையில் 12: நடுவில் எந்தப் படி உடைந்திருக்கிறது?

ஊராட்சிக்காரி
22 செப்டம்பர் 2023, காலை 6.10

மக்களவையிலும் சட்டசபையிலும் பெண்களுக்கு மூணில் ஒரு பங்கு இடம் கொடுக்கிற மகளிர் இடஒதுக்கீடு மசோதா, நேத்து ராத்திரி மாநிலங்களவையிலும் நிறைவேறிடுச்சு. 214 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒண்ணுகூட இல்லை. காலையில் எழுந்து பார்த்தா போன் முழுக்க வாழ்த்து. எனக்கே சீட் கிடைச்ச மாதிரி.

புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன், நான் திண்டுக்கல் பக்கம் ஒரு ஊராட்சித் தலைவர். 2019 டிசம்பரில் ஜெயிச்சேன். எங்கள் ஒன்றியத்தில் தலைவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நாங்கள் 14 பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வச்சிருக்கோம். ஆரம்பத்தில் குடிநீர் மோட்டார் ரிப்பேர், நூறு நாள் வேலை மஸ்டர் ரோல்னுதான் பேசிக்கிட்டிருந்தோம். போன மாசம் ஒருத்தி கேட்டா: "அக்கா, நம்ம 14 பேர் ஊரையும் சேர்த்தா எவ்வளவு ஓட்டு?" கூட்டிப் பார்த்தோம். ஒரு எம்.எல்.ஏ.வை ஜெயிக்க வைக்கப் போதாது. ஆனா தோற்கடிக்கத் தாராளமாப் போதும்.

அந்தத் தைரியத்தில் வட்டாரத்தில் செல்வாக்குள்ள ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளரைப் பார்க்கப் போனோம். எந்தக் கட்சின்னு கேட்காதீங்க, சொல்லமாட்டேன். அடுத்த சட்டமன்றத் தேர்தலில் எங்களில் ஒருத்திக்கு சீட் கேட்டோம். மனுஷன் மரியாதையாத்தான் பேசினார். டீ வந்தது, முறுக்கும் வந்தது. "உங்க எல்லாருக்கும் மகளிர் அணியில் பொறுப்பு போட்டுத் தர்றேம்மா"ன்னார். வெளியே வந்து வேனில் ஏறினதும் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிச்சோம். கொஞ்சம் தள்ளிப் போனதும் யாரும் பேசலை.

உள்ளாட்சியில் எங்களுக்கு மூணில் ஒரு பங்கு வந்து 27 வருஷம் ஆச்சு, பாதியாக்கி ஏழு வருஷம் ஆச்சு. 2021 சட்டசபையில் 234-க்கு 12 பெண்கள். இத்தனை ஆயிரம் பேர் கீழே பழகி வந்திருக்கோமே, மேலே போற படி எங்கே உடைஞ்சிருக்கு? திட்டுறதுக்காகக் கேட்கலை, தெரிஞ்சுக்கத்தான்.


சும்மா_ஒருத்தன்
22 செப்டம்பர், காலை 7.02

போன வாரம்தான் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வந்துச்சு. இந்த வாரம் சீட்டா? 😀


பின்னலாடை
22 செப்டம்பர், காலை 7.15

@சும்மா_ஒருத்தன் அந்த ஆயிரம் ஒரு கோடியே ஆறு லட்சம் பேருக்குப் போயிருக்கு. அத்தனை பேரில் ஒருத்திகூட எம்.எல்.ஏ. சீட் கேட்கக்கூடாதா? உங்க கணக்கு எனக்குப் புரியலை.


முன்சீப்வீதி
22 செப்டம்பர், காலை 9.30

அம்மா, வாழ்த்துகளைக் கொஞ்சம் பத்திரப்படுத்தி வையுங்கள், இப்போதைக்குச் செலவழிக்க வேண்டாம். மசோதாவை முழுசாப் படித்தேன். அரசியலமைப்பில் புதிதாக 334ஏ என்று ஒரு பிரிவு சேர்கிறது. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன் அடிப்படையில் தொகுதி மறுவரையறை, அதற்குப் பிறகுதான் ஒதுக்கீடு. 2021-ல் முடிந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பே இன்னும் தொடங்கவில்லை. 2024-க்குக் கிடையாது. 2026-க்கும் எனக்கு நம்பிக்கை இல்லை.

நம்ம ஊருக்கு இதில் இன்னொரு சிக்கல். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு மறுவரையறையில் எம்.பி. இடம் குறையும் என்ற பயம் இங்கே எல்லாக் கட்சிக்கும் உண்டு. பெண்களின் இடத்தை அதே மறுவரையறையோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நாளைக்கு மறுவரையறையை எதிர்ப்பவர்களைப் பார்த்து "பெண்களுக்கு எதிரி" என்று சொல்ல வசதியாகிவிட்டது.

நடைமுறைக்கு வந்தால் நம் சட்டசபையில் 234-ல் 78 பெண்களுக்கு. தனித் தொகுதிகளிலும் மூன்றில் ஒன்று. 15 வருஷத்துக்கு. மாநிலங்களவைக்குக் கிடையாது.


கரைவேட்டி_72
22 செப்டம்பர், காலை 11.48

நான் முப்பது வருஷமாக் கட்சிக்காரன், கிளைச் செயலாளரா இருந்தவன். தங்கச்சி கேட்டதுக்கு ஒளிக்காமச் சொல்றேன். சீட் கொடுக்கும்போது மேலே பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான், ஜெயிக்கிற ஆளா? அதுக்கு மூணு கேள்வி. பணம் இருக்கா, பூத்துக்கு ஆள் இருக்கா, அந்தத் தொகுதியில் எந்தச் சாதி எவ்வளவு. தேர்தல் ஆணையம் ஒரு வேட்பாளருக்கு 40 லட்சம்தான் செலவுன்னு வச்சிருக்கு. அந்த 40 லட்சத்தை நம்புறவங்க கையைத் தூக்குங்க.

பொம்பளைன்னா வேண்டாம்னு யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை. அந்த மூணு கேள்வியிலேயே அவங்க தானா உதிர்ந்துடுறாங்க. அம்மா காலத்தில் 1991-ல் 32 பேர் சட்டசபைக்குப் போனாங்க. அவங்க நினைச்சாங்க, நடந்துச்சு. தலைமை நினைச்சா ஒரே ராத்திரியில் முடியும்.


ஊராட்சிக்காரி
22 செப்டம்பர், மதியம் 1.20

@கரைவேட்டி_72 அண்ணே, ஒளிக்காமச் சொன்னதுக்கு நன்றி. ஆனா தலைமை நினைச்சு வந்த 32, அடுத்த தேர்தலிலேயே சரிஞ்சு போச்சே. அதுக்கப்புறம் ஏறி இறங்கி 2016-ல் 21, 2021-ல் 12. அந்த 32 பேரையும் ஒருத்தர் மேலே இருந்து தூக்கி விட்டார். ஏணி போட்டு ஏறி வந்தவங்க எத்தனை பேர்?


பழைய_நூலகம்
22 செப்டம்பர், மாலை 5.05

ஓய்வு பெற்ற ஆசிரியன், நேரம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் சேர்ந்து நின்று சட்டசபைக் கதவைத் தட்டியது இந்த ஊரில்தான் முதலில் நடந்தது. 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கினார்கள். மார்கரெட் கசின்ஸ், அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா எல்லாம் அதில் இருந்தார்கள். அதே வருஷம் டிசம்பரில், இந்திய விவகாரத்துக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு குழு போய் ஓட்டுரிமை கேட்டது. லண்டன் நேரடியாகத் தரவில்லை, மாகாணச் சட்டசபைகளே முடிவு செய்துகொள்ளட்டும் என்று தள்ளிவிட்டது. 1921-ல் மாகாணங்களில் முதலாவதாக ஒப்புக்கொண்டது சென்னை. சொத்து இருந்தால்தான் ஓட்டு என்பதால் வாக்காளர் பட்டியலில் வந்த பெண்கள் கொஞ்சம் பேர்தான், அது வேறு.

ஓட்டுப் போடலாம், ஆனால் உள்ளே உட்காரக் கூடாது என்ற நிலை அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தது. 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபைக்கு நியமனமானார். துணைத் தலைவராகவும் ஆனார். உள்ளே போனவர் சும்மா இருக்கவில்லை, தேவதாசி முறை ஒழிப்பைக் கையில் எடுத்தார். 1930-ல் காந்தி கைதானதும் பதவியை உதறிவிட்டு வந்துவிட்டார். அந்தச் சட்டம் நிறைவேற 1947 ஆயிற்று.

படித்த, வசதியான பெண்களின் சங்கம்தானே என்று யாராவது சொல்வதற்குள் 1938-ஐயும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 13-ல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் "பெரியார்" என்ற பட்டம் கொடுத்தார்கள். மாநாட்டுத் தலைமை நீலாம்பிகை அம்மையார். மறுநாளே இந்தித் திணிப்பை எதிர்த்து மறியல், சிறை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், டாக்டர் தருமாம்பாள் என்று வரிசையாகப் போனார்கள். அந்த இந்தி எதிர்ப்புப் போரில் சிறைக்குப் போன பெண்கள் 73 பேர், கூடவே 32 குழந்தைகள்.

இனி நான் சொல்லவந்த கணக்கு. 1957-ல் காமராஜர் அமைச்சரவையில் மொத்தம் எட்டுப் பேர். அதில் ஒருவர் லூர்தம்மாள் சைமன், குளச்சல் எம்.எல்.ஏ., உள்ளாட்சியும் மீன்வளமும் பார்த்தார். 2021-ல் பதவியேற்ற அமைச்சரவையில் முதல்வரோடு 34 பேர். பெண்கள் இரண்டு. எட்டில் ஒன்று அதிகமா, முப்பத்து நான்கில் இரண்டு அதிகமா? ஆறாம் வகுப்புப் பையனைக் கேட்டால் சொல்லிவிடுவான்.


பின்னலாடை
22 செப்டம்பர், மாலை 5.40

ஐயா, அந்தக் கடைசிக் கணக்கை எங்க வீட்டுக் குழுவில் போட்டேன். மாமனார் "தப்பா இருக்கும்"னு சொல்லிட்டு விரல் விட்டு எண்ணிக்கிட்டிருக்கார்.


தனித்தொகுதி
23 செப்டம்பர், காலை 8.12

எல்லாரும் 12, 12 என்கிறீர்கள். அந்தப் பன்னிரண்டையும் தொகுதி வாரியாகப் பாருங்கள். தாராபுரம், மானாமதுரை, குடியாத்தம், கிருஷ்ணராயபுரம், மதுராந்தகம், நிலக்கோட்டை ஆறும் பட்டியல் சாதித் தனித் தொகுதி. ஏற்காடு பழங்குடித் தொகுதி. பன்னிரண்டில் ஏழு.

மொத்தத் தொகுதிகளில் தனித் தொகுதி ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, 46-தான். அதில் இருந்து பாதிக்கு மேல் பெண் எம்.எல்.ஏ.க்கள். தலித் பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று சந்தோஷப்படலாமா? எனக்கு வேறு மாதிரிதான் தோன்றுகிறது. உள்ளூர்ப் பெரிய ஆண்கள் போட்டியிட முடியாத தொகுதி அது. அவர்கள் கண்ணில் அது "விட்டுக்கொடுத்த" இடம். அங்கே யார் நின்றாலும் அவர்களுக்குப் பரவாயில்லை, பெண் நின்றாலும் சரி. பொதுத் தொகுதியில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால்தான் ஒரு மாவட்டச் செயலாளரோ அவர் மச்சானோ தன் இடத்தை இழக்கவேண்டும். ஊராட்சிக்காரி அக்காவுக்கு முறுக்கு வந்த காரணம் அதுதான்.

இன்னொன்று. தனித் தொகுதியில் ஜெயித்தாலும் மரியாதை தானாக வருவதில்லை. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் எல்லாருக்கும் நினைவிருக்கும். மற்றவர்கள் நாற்காலியில். அவரும் தேர்தலில் ஜெயித்து வந்தவர்தான்.


கரைவேட்டி_72
23 செப்டம்பர், காலை 9.55

தம்பி சொன்னதை மறுக்க முடியலை. இப்படி நான் யோசிச்சதில்லை.


சும்மா_ஒருத்தன்
23 செப்டம்பர், காலை 10.30

சரி, கிண்டல் இல்லாமலே கேட்கிறேன். நாம் தமிழர் 2021-ல் 234-ல் 117 பெண்களை நிறுத்தியது. ஒருத்தர்கூட ஜெயிக்கலை. ஆண்களும் ஜெயிக்கலைங்கிறது வேறு. ஆனா "பெண்ணுக்கு ஓட்டு"ன்னு எந்தப் பெண்ணும் போய்க் குத்தலையே? மொடக்குறிச்சியில் இரண்டு பெண்கள் மோதினாங்க, 281 ஓட்டு வித்தியாசம். அங்கே மக்கள் கட்சியைத்தானே பார்த்தாங்க?


முன்சீப்வீதி
23 செப்டம்பர், காலை 11.10

நியாயமான கேள்வி. பெண்கள் பெண் என்பதற்காக ஓட்டுப் போடமாட்டார்கள், ஆண்கள் ஆண் என்பதற்காகப் போடாத மாதிரியே. நம் கேள்வி வேட்பாளர் பட்டியல் எழுதும் அறையைப் பற்றியது. அங்கே பேனா யார் கையில் இருக்கிறது?

(மொடக்குறிச்சி என்றதும் எனக்கு 1996 ஞாபகம் வந்துவிட்டது. விவசாயிகள் கோபத்தில் வேட்புமனுத் தாக்கல் செய்து 1033 பேர் நின்றார்கள். வாக்குச் சீட்டு புத்தகம் மாதிரி இருந்தது. அப்போதும் அங்கே ஜெயித்தது ஒரு பெண்தான், சுப்புலட்சுமி ஜெகதீசன். 2021-ல் அந்த 281-ல் தோற்றவரும் அவரே.)


கொழுந்துக்கூடை
23 செப்டம்பர், இரவு 9.45

நான் மூணாறில் பிறந்தவள், இப்போ தேனியில் இருக்கேன். அம்மா 34 வருஷம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளினவங்க. கேரளா அரசியல்னு தள்ளிடாதீங்க, தெருவில் உட்கார்ந்தது முழுக்கத் தமிழ்ப் பொம்பளைங்கதான்.

2015 செப்டம்பர். முந்தின வருஷம் 19 சதவீதம் கொடுத்த போனஸை அந்த வருஷம் பத்தாக்கிட்டாங்க. மூணு பெரிய தொழிற்சங்கம் இருந்துச்சு, மூணிலும் தலைவர்கள் ஆம்பளைங்க. யாரும் கேட்கலை. ஒரு நாள் காலையில் எஸ்டேட் எஸ்டேட்டா லயத்திலிருந்து (கம்பெனி கொடுத்த வரிசை வீடுகள்) கிளம்பி டவுனுக்கு இறங்கினாங்க. ஆயிரக்கணக்கில். ஒன்பது நாள் ரோட்டில். யார் கூப்பிட்டான்னு இன்னைக்கும் அம்மாவுக்குச் சொல்லத் தெரியலை. "பக்கத்து லயத்துக்காரி போனா, நானும் போனேன்"பாங்க.

சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே விடலை. தொகுதி எம்.எல்.ஏ. வந்தார், திருப்பி அனுப்பிட்டாங்க. கொழுந்து மூட்டை சுமக்கிறது நாங்க, பண மூட்டை சுமக்கிறது நீங்கங்கிற மாதிரிக் கோஷம். அப்போ கேரளா எதிர்க்கட்சித் தலைவரா இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் வந்து கூடவே உட்கார்ந்தார், அவரை மட்டும் உட்காரவிட்டாங்க. கடைசியில் போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைச்சது. மலையாளப் பத்திரிகைகள் வழியா "பொம்பிளை ஒருமை"ங்கிற பேர் ஊரெல்லாம் பரவுச்சு. அப்புறம் கூலிக்காக இன்னொரு சுற்று. 232 ரூபாயை 500 ஆக்கணும்னு கேட்டாங்க, 301 ஆச்சு.

இதுவரைக்கும் எல்லாரும் எழுதினாங்க. எனக்கு முக்கியம் அடுத்து நடந்தது.

ரெண்டு மாசத்தில் உள்ளாட்சித் தேர்தல். சொந்தமா நின்னாங்க. தேவிகுளம் ப்ளாக் பஞ்சாயத்தில் ஒரு இடம், மூணாறு பஞ்சாயத்தில் ரெண்டு இடம் ஜெயிச்சாங்க. ஒரு கட்சிக் கொடியும் இல்லாம! அம்மா அன்னைக்கு மைசூர்பா வாங்கிக் கொடுத்தாங்க. ஆறு மாசம் கழிச்சு, 2016-ல் சட்டசபைத் தேர்தல். தேவிகுளம் தனித் தொகுதியில் நின்னாங்க. ஆயிரம் ஓட்டைக்கூடத் தொடலை.

ஏன்? அதுக்குள்ளே அமைப்பு ரெண்டாப் போச்சு, உண்மை. ஆனா அது மட்டும் இல்லை. வீடு கம்பெனியோடது. வேலை போனா வீடு போகும். ரிட்டையர் ஆனா வீட்டைக் காலி பண்ணணும், அதனால் ஒரு பிள்ளையாவது எஸ்டேட்டிலேயே வேலைக்கு இருக்கணும். ஆஸ்பத்திரிக்குக் கடிதம், ஜாதிச் சான்று, பி.எஃப். தாள், எதுக்குப் போனாலும் நடுவில் ஒரு சங்கத்துக்காரர் நிற்பார். ஒன்பது நாள் அவரை விரட்டலாம், வருஷம் பூரா விரட்ட முடியாது. வார்டு தேர்தலில் அவரைக் கண்டு பயமில்லை, எல்லாம் பக்கத்து லயத்துக்காரங்கதான். சட்டசபைத் தேர்தல்னு வந்ததும் அவருடைய நோட்டில் நம்ம பேர் இருக்கு.

ஊராட்சிக்காரி அக்கா கேட்ட படி, எங்க மலையில் அந்த நோட்டுதான்.


ஊராட்சிக்காரி
23 செப்டம்பர், இரவு 11.30

தங்கச்சி, ரெண்டு தடவை படிச்சேன்.

எங்க ஊரில் அந்த நோட்டு இல்லை, வேற ரெண்டு பூட்டு இருக்கு. வெளியில் இருக்கறவங்களுக்குத் தெரியாதுன்னு எழுதறேன்.

ஒண்ணு, துணைத் தலைவர். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவருக்கு இல்லை. வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பாங்க. பெண் தலைவர் இருக்கற ஊரில் துணைத் தலைவர் யாரா இருப்பார்னு நினைக்கிறீங்க? ஊரில் யாருக்குத் தலைவர் ஆக ஆசையோ அந்த ஆண்தான். காசோலையில் ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். பைப் உடைஞ்சு ஊரே குடத்தோட நிற்கும்போது அவருக்கு உடம்பு சரியில்லாமப் போகும். என் முதல் ஒண்ணரை வருஷம் இப்படியே போச்சு. வேலை நடக்கலைன்னா திட்டு என்மேல். "பொம்பளையால் முடியலை."

ரெண்டாவது, கட்சிச் சின்னம். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலருக்குத்தான் உண்டு. அதனால் நான் வாங்கின ஓட்டு எந்தக் கட்சிக் கணக்கிலும் ஏறலை. ஊரில் ஆயிரத்து சொச்சம் பேர் என்னை நம்பிக் குத்தினாங்க, கட்சிக்குப் போனா நான் யாரோ ஒரு அம்மா. என் துணைத் தலைவரோ கிளையில் இருக்கார், பூத் கமிட்டியில் இருக்கார், தேர்தல் அன்னிக்குப் பூத்துக்குள்ள உட்கார்றார்.

அந்த மாவட்டச் செயலாளர் கெட்டவர்னு நான் இப்போ நினைக்கலை. அவர் பதிவேட்டில் எங்க பேரே இல்லை.


வில்லாபுரம்_வாசி
24 செப்டம்பர், காலை 7.50

இந்த இழையில் லீலாவதி பெயர் வராமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மதுரை வில்லாபுரம், நெசவாளர் குடும்பம், மாதர் சங்கத்தில் வளர்ந்தவர். 1996 அக்டோபரில், மூன்றில் ஒரு பங்கு வந்த முதல் உள்ளாட்சித் தேர்தலில், மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் மாநகராட்சிக் கவுன்சிலர் ஆனார். ஏரியாவில் தண்ணீரை விற்றுக்கொண்டிருந்தவர்களின் பகை. 1997 ஏப்ரல் 23, பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். பதவிக்கு வந்து ஆறு மாதம்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தெருக்குழாயில் தண்ணீர் வரும்போதெல்லாம் எங்கள் பாட்டி அவர் பெயரைச் சொல்லுவாள்.

கரைவேட்டி ஐயா மூன்று கேள்வி சொன்னார். நாலாவதாக ஒன்று இருக்கிறது: உயிர். அடியாள் வைத்திருப்பவனோடு மோதத் துணிகிற பெண்ணைக் கட்சி பாதுகாக்குமா?


பின்னலாடை
24 செப்டம்பர், காலை 10.05

உயிர் வரைக்கும் போகாட்டியும், கன்னம் வரைக்கும் எங்க பக்கம் வந்தது. 2017 ஏப்ரல், திருப்பூர் மாவட்டம் சாமளாபுரம். நெடுஞ்சாலைக் கடைகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதும் டாஸ்மாக்கை ஊருக்குள்ள கொண்டுவரப் பார்த்தாங்க. பொம்பளைங்க ரோட்டை மறிச்சாங்க. ஒரு போலீஸ் அதிகாரி ஒரு அம்மாவைக் கன்னத்தில் அறைஞ்ச வீடியோவை நாடே பார்த்துச்சு. அந்தக் கோடைக்காலம் பூரா தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் பொம்பளைங்க கடையை மூட வச்சாங்க!

நானும் எங்க ஊர் மறியலில் நின்னேன். பனியன் கம்பெனி ஷிப்ட் முடிச்சுட்டு நேரா அங்கே. கடை போச்சு. நாங்களும் கலைஞ்சு வீட்டுக்குப் போயிட்டோம். அடுத்த மாநகராட்சித் தேர்தல் 2022-ல் வந்தப்போ எங்க வார்டு பெண்கள் வார்டு. நின்னது யாரு? கட்சி வட்டச் செயலாளரின் மனைவி. மறியலில் முன்னால நின்ன அக்காவை யாரும் கேட்கலை. அவங்களும் கேட்கலை. எனக்கு அந்த ரெண்டாவதுதான் இன்னும் உறுத்துது.


கரைவேட்டி_72
24 செப்டம்பர், மாலை 6.30

எல்லாத்தையும் படிச்சுட்டு ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க.

நீங்க 14 பேரும் நேரா எம்.எல்.ஏ. சீட் கேட்டது தப்பு. வெளியிலிருந்து வந்து சீட் கேட்டா எந்தக் கட்சியும் முறுக்குதான் கொடுக்கும். ஆம்பளைங்க எப்படி ஏறுறாங்க? கிளை, ஒன்றியம், மாவட்டம். எங்க மாநிலத்தில் கட்சி மாவட்டச் செயலாளர் பதவியில் பெண்களை விரல் விட்டு எண்ணிடலாம். தூத்துக்குடி கீதா ஜீவன் பேரைச் சொல்லுவாங்க, அடுத்த பேருக்கு யோசிப்பாங்க. சீட் பட்டியல் அந்த நாற்காலியில்தான் ஆரம்பிக்குது. மகளிர் அணி அந்த வரிசையிலேயே இல்லை. அது பக்கத்து வீடு. மாநாட்டுக்கு ஆள் கூட்டிட்டு வர, கோலம் போட, ஆரத்தி எடுக்க. நானே எத்தனை தடவை போன் போட்டு "அம்பது பேரைக் கூட்டிட்டு வாங்கம்மா"ன்னு சொல்லியிருக்கேன்.

அதனால் பூத்தில் ஆரம்பிங்க. பாக முகவர். யாரும் சண்டை போட வராத பதவி, வேலை மட்டும்தான் இருக்கு. வாக்காளர் பட்டியலில் செத்தவங்க யாரு, கல்யாணமாகிப் போனவங்க யாருன்னு வீடு வீடாப் பார்க்கிற வேலை. அது பொம்பளைங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி எந்த ஆம்பளைக்கும் தெரியாது. நாலு தேர்தலுக்கு அந்த நோட்டு உங்க கையில் இருந்தா ஒன்றியச் செயலாளர் உங்க வீட்டுக்கு வருவார்.


தனித்தொகுதி
24 செப்டம்பர், இரவு 8.15

நாலு தேர்தல் என்றால் இருபது வருஷம் ஐயா.


கரைவேட்டி_72
24 செப்டம்பர், இரவு 8.22

எனக்கு முப்பதாச்சு தம்பி. இன்னும் கிளையைத் தாண்டலை.


பழைய_நூலகம்
24 செப்டம்பர், இரவு 9.00

கட்சிக்குள் போய்க் கரைந்துவிடுவதிலும் ஓர் அபாயம் உண்டு. சத்தியவாணி முத்து தி.மு.க.வின் தொடக்க காலத்தவர், 1967-ல் அண்ணா அமைச்சரவையில் அமைச்சர். 1974-ல் தாழ்த்தப்பட்டோருக்குக் கட்சி எதுவும் செய்யவில்லை என்று வெளியேறித் தனிக்கட்சி கண்டார். அது நீடிக்கவில்லை. உள்ளே இருந்தால் பேச முடியாது, வெளியே வந்தால் நிற்க முடியாது என்ற நிலை அன்றைக்கே இருந்திருக்கிறது.

நீங்கள் 14 பேரும் கட்சிக்குப் போங்கள். அந்த வாட்ஸ்அப் குழுவை மட்டும் கலைத்துவிடாதீர்கள்.


வில்லாபுரம்_வாசி
29 செப்டம்பர், மாலை 4.40

ஒரு செய்தி. வாச்சாத்தி வழக்கில் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, தண்டனையை உயர் நீதிமன்றம் இன்று உறுதி செய்துவிட்டது. தருமபுரி மாவட்டத்து மலைவாழ் மக்களின் ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ல் சோதனை என்று வந்த வனத்துறையினரும் போலீஸும் செய்த கொடுமை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் 18 பெண்கள். 2011-ல்தான் தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது, அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்தே போயிருந்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மாதர் சங்கமும் விடாமல் நின்றன. நடுவில் எத்தனை ஆட்சி மாறியது!

31 வருஷம். இருபது வருஷத்துக்கு மலைத்த தனித்தொகுதி தம்பிக்காக இதை இங்கே போடுகிறேன்.


கொழுந்துக்கூடை
29 செப்டம்பர், இரவு 8.10

அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "அந்த 18 பேரும் இன்னும் ஒண்ணாத்தான் இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க.


ஊராட்சிக்காரி
3 அக்டோபர், காலை 6.25

நேத்து காந்தி ஜெயந்தி கிராம சபை முடிஞ்சு, சாயங்காலம் அதே மாவட்டச் செயலாளரிடம் மறுபடி போனோம். 14 பேரில் 11 பேர்தான். மூணு பேர் வீட்டில் விடலை.

இந்தத் தடவை சீட் கேட்கலை. "எங்க ஊர் பூத்துகளுக்குப் பாக முகவரில் பாதிப் பெண்கள், பேர் நாங்க தர்றோம். ஒன்றியத்தில் ஒரு துணைச் செயலாளர் பதவி, மகளிர் அணி வேண்டாம், பொதுவில்"னு எழுதிக் கொடுத்தோம். வாங்கிப் படிச்சார். சீட் கேட்டப்போ சிரிச்ச மனுஷன் இதுக்குச் சிரிக்கலை. ரெண்டு தடவை படிச்சார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "பூத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கேம்மா"ன்னார். டீ வரலை.

வரும்போது வேனில் ஒருத்தி சொன்னா: "அக்கா, இன்னிக்குத்தான் நாம சரியான இடத்தில் கையை வச்சிருக்கோம்."

கரைவேட்டி அண்ணே, பட்டியலை எந்த மாதிரி எழுதித் தரணும்?


கரைவேட்டி_72
3 அக்டோபர், காலை 7.40

பேர், பாகம் எண், வாக்காளர் அட்டை எண், போன் நம்பர். நாலும் வேணும். போன் அவங்கவங்க சொந்த நம்பரா இருக்கட்டும் தங்கச்சி. வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தா எங்க ஆளுங்க அவர்கிட்டேயே பேசிட்டு வச்சிடுவாங்க.


ஊராட்சிக்காரி
3 அக்டோபர், காலை 8.05

பட்டியலை இப்போதான் எடுத்துப் பார்த்தேன். 22 பேரில் ஒன்பது பேர் வீட்டுக்காரர் நம்பர் கொடுத்திருக்காங்க. கூப்பிட்டு மாத்தச் சொல்றேன். ரெண்டு பேரிடம் போனே இல்லை, அதுக்கு ஒரு வழி பார்க்கணும்.